படுத்துத் தள்ளும் பளு: வலிமையை அளப்பதில் பெஞ்ச் பிரஸின் இடம்

உடல் வலிமையை ஒரே ஓர் எண்ணில் சொல்லிவிட வேண்டும் என்ற விருப்பம் உடற்பயிற்சிக் கூடங்களிலும் விளையாட்டுத் தேர்வுக் களங்களிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கடந்த எழுபது ஆண்டுகளாக அந்த விருப்பத்துக்குக் கிடைத்திருக்கும் விடை பெரும்பாலும் பெஞ்ச் பிரஸ்தான். மல்லாந்து பெஞ்சில் படுத்து, தாங்கியிலிருந்து எடுத்த இரும்புத் தண்டை மார்பைத் தொடும்வரை இறக்கி, முழங்கைகள் முழுமையாக நிமிரும்வரை மேலே தள்ளுவதே இந்தப் பயிற்சி. பிறர் துணையின்றி ஒரே ஒரு முறை ஒருவரால் தள்ள முடிந்த மிகப் பெரிய எடை எதுவோ அதுவே அவருடைய அளவாகக் கொள்ளப்படுகிறது; பயிற்சி அறிவியலில் இதனை ‘ஒருமுறை உச்சம்’ எனலாம். இந்த எண் உண்மையில் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விட்டுவிடுகிறது, யாருக்கு அது பொருந்தும் என்னும் கேள்விகளுக்கு விளையாட்டு அறிவியலும் மருத்துவமும் பளுப் போட்டிகளின் வரலாறும் தரும் விடைகள் ஒரே திசையில் செல்வதில்லை; அவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதலில் வலிமை என்னும் கருத்தையே வரையறுத்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட தசைகள், குறிப்பிட்ட ஓர் அசைவில், குறிப்பிட்ட வேகத்தில், வெளியிலிருந்து வரும் தடைக்கு எதிராகச் செலுத்தக்கூடிய விசையையே பயிற்சி அறிவியல் வலிமை என்கிறது. இந்த வரையறையில் ‘குறிப்பிட்ட’ என்ற சொல் மூன்று முறை வருவது தற்செயல் அன்று. தசை மாறினாலும் மூட்டின் கோணம் மாறினாலும் வேகம் மாறினாலும் விசை மாறுகிறது. ஆகவே உடல் முழுவதற்குமான பொது வலிமை என்று ஒன்றை நேரடியாக அளக்க வழியில்லை, சில அசைவுகளை அளந்து அவற்றிலிருந்து ஊகிக்க மட்டுமே முடியும். பெஞ்ச் பிரஸில் பெரும் பங்கு வகிப்பவை மார்பின் பெருந்தசை, தோள் தசையின் முன்பகுதி, மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசை ஆகிய மூன்றே. முதுகுத் தசைகள் தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்து நிலைநிறுத்துகின்றன. தரையில் ஊன்றிய கால்கள் உடல் நழுவாமல் காக்கின்றன. எனினும் உடலின் பாரத்தைத் தாங்கும் வேலையைப் பெஞ்சே செய்துவிடுவதால், இடுப்பும் தொடையும் கீழ்முதுகும் தங்கள் திறனைக் காட்ட வேண்டிய தேவை இந்தப் பயிற்சியில் எழுவதே இல்லை.

மனிதர்கள் வலிமையைச் சோதித்த பழைய முறைகள் ஏறக்குறைய எல்லாமே இதற்கு நேர்மாறானவை. தென் தமிழகத்து ஊர்களின் இளவட்டக்கல், ஐஸ்லாந்தில் 186 கிலோ எடையுள்ள ஹூசாஃபெல் கல், ஸ்காட்லாந்தில் இரும்பு வளையங்கள் பொருத்திய டின்னி கற்கள், பாஸ்க் மக்களின் கல் தூக்கும் போட்டிகள் என எதை எடுத்துக்கொண்டாலும், நின்ற நிலையில் தரையிலிருந்து ஒரு பாரத்தைக் கிளப்புவதே சோதனையாக இருந்தது. விரல்களின் பிடி, முதுகு, இடுப்பு, கால் ஆகியவற்றுள் எது தளர்ந்தாலும் கல் எழும்பாது. ஆகவே அந்தச் சோதனைகள் துல்லியம் குறைந்தவையாயினும் உடல் முழுவதையும் விசாரித்தன. படுத்த நிலையில் தள்ளுவதை வலிமையின் சான்றாகக் கொள்ளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாகத் தென்படுகிறது. அப்போது பெஞ்சும் இல்லை, தாங்கியும் இல்லை. தரையில் படுத்த வீரர் தண்டை முகத்துக்கு மேலாக உருட்டி வந்து மார்பிலிருந்து தள்ளினார். அவ்வாறு மற்போர் வீரர் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் தள்ளிய 361 பவுண்டு, அதாவது சுமார் 164 கிலோ, நெடுநாள் நிலைத்த சாதனையாக இருந்தது; 1916இல் ஜோ நார்ட்குவெஸ்ட் என்னும் அமெரிக்கர் அதனை 2 பவுண்டு வித்தியாசத்தில் கடந்தார்.

இருப்பினும் அக்காலத்தில் மதிப்புப் பெற்றிருந்தது நின்றபடி தள்ளும் பிரஸ்தான். 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகியவற்றோடு அதுவும் மூன்றாவது பிரிவாக இடம்பெற்றிருந்தது. தோளில் ஏந்திய தண்டைக் கால்களின் உந்துதல் இல்லாமல் தலைக்கு மேலே தள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் வீரர்கள் மெல்ல மெல்ல இடுப்பை முன்தள்ளி முதுகைப் பின்னால் வளைக்கத் தொடங்கினர். அவ்வாறு வளையும்போது மார்புத் தசைகளும் வேலையில் சேர்ந்துகொள்வதால் கூடுதல் எடை ஏறியது. எவ்வளவு சாய்ந்தால் தவறு என்று நடுவர்களால் ஒருமித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத நிலையில், 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பின் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், தண்டைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், தண்டைத் தரையிலிருந்து இடுப்பளவுக்குத் தூக்கும் டெட்லிஃப்ட் என்னும் மூன்றையும் கொண்ட வலுதூக்குதலுக்கு உலகக் கூட்டமைப்பு அமைந்தது. நின்று தள்ளும் முறை உலக மேடையிலிருந்து இறங்கிய ஆண்டிலேயே படுத்துத் தள்ளும் முறைக்கு அத்தகைய மேடை கிடைத்தது.

இந்த மாற்றத்துக்குள் ஒரு முக்கியமான உண்மை பொதிந்திருக்கிறது. பெஞ்ச் பிரஸ் தலைசிறந்த வலிமைச் சோதனை என்று யாரும் ஆராய்ந்து நிறுவியதால் அது பரவவில்லை. உடற்கட்டுக் கலையின் செல்வாக்கால் அகன்ற மார்புக்குக் கிடைத்த மதிப்பும், அளப்பதற்கு இருந்த எளிமையுமே அதைப் பரப்பின. தண்டு மார்பைத் தொட்டதா, கைகள் நிமிர்ந்தனவா என்ற இரண்டையும் எவரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஸ்குவாட்டில் தொடை எவ்வளவு இறங்கியது என்பதில் எழும் வாதம் இங்கே குறைவு. ஸ்நாட்சைக் கற்க ஆண்டுகள் ஆகும். பெஞ்ச் பிரஸின் அடிப்படையைச் சில வாரங்களில் கற்றுவிடலாம்.

அளப்பதற்கு எளிது என்பது சிறிய தகுதி அன்று. எந்த அளவுகோலுக்கும் முதல் தேவை, ஒரே ஆளை இருமுறை அளந்தால் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும் என்பதாகும்; இதை நம்பகத்தன்மை என்பர். ஒருமுறை உச்சச் சோதனையை மீண்டும் மீண்டும் நடத்திப் பார்த்த ஆய்வுகளில் இரு அளவீடுகளுக்கிடையேயான ஒப்புமைக் குணகம் பெரும்பாலும் 0.9க்கு மேல் அமைந்திருக்கிறது. 1 என்றால் முழு ஒப்புமை என்பதை நினைத்தால் இது மிக நல்ல மதிப்பு. தண்டு நகரும் வேகத்தைக் கருவியால் அளந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கொன்சாலஸ் படில்யோவும் சான்செஸ் மெதினாவும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், எடை உச்சத்தை நெருங்க நெருங்கத் தண்டின் வேகம் மிக ஒழுங்காகக் குறைவதையும், உச்ச எடையில் அது நொடிக்குச் சுமார் 0.16 மீட்டர் என்ற அளவில் நிற்பதையும் காட்டினர். உச்ச எடையைத் தூக்காமலேயே, குறைந்த எடையின் வேகத்திலிருந்து உச்சத்தை ஊகிக்கும் முறைக்கு இதுவே வழி திறந்தது. கருவி இல்லாதோர் எப்லி சூத்திரத்தைக் கையாள்கின்றனர்: தூக்கிய முறைகளை 30ஆல் வகுத்து, அதனுடன் 1 கூட்டி, வந்ததை எடையால் பெருக்க வேண்டும். 80 கிலோவை 8 முறை தள்ளுபவரின் உச்சம் இதன்படி ஏறத்தாழ 101 கிலோ. பத்து முறைக்கு மேல் போனால் இக்கணிப்பின் துல்லியம் சரிகிறது. மேலும், புதிதாகத் தொடங்குபவரின் எண் முதல் சில வாரங்களில் வேகமாக ஏறுவதற்குத் தசை வளர்ச்சியைவிட நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதே காரணம் என்பது 1979இல் மோரிட்டானியும் டி விரீஸும் செய்த ஆய்விலிருந்து தெளிவாகிவிட்டது. எனவே பழகாதவரின் எண்ணை அவருடைய வலிமையாகக் கொள்வது பொருந்தாது.

நம்பகமான அளவுகோல் ஒன்று போட்டிக்குரிய இலக்காக மாறும்போது என்ன நேர்கிறது என்பதற்குப் பெஞ்ச் பிரஸைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. செய்யப்படும் வேலை என்பது விசையையும் அது நகர்த்திய தொலைவையும் பெருக்கிய தொகை. 100 கிலோவை 40 சென்டிமீட்டர் உயர்த்துபவர் சுமார் 392 ஜூல் வேலை செய்கிறார். அதே எடையை 25 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்துபவர் செய்வது 245 ஜூல். ஏட்டில் இருவருக்கும் 100 கிலோ என்றே பதிவாகும். நீண்ட கைகளும் தட்டையான மார்பும் உள்ளவருக்கு இதில் பிறப்பிலேயே பாதகம். குட்டையான கைகளும் பருத்த மார்புக் கூடும் உள்ளவருக்குச் சாதகம். பிறப்பால் வரும் இந்த வேறுபாட்டோடு நுட்பமும் சேர்ந்துகொள்கிறது. கைகளை அகலமாகப் பிடித்தும், முதுகை வில்லாக வளைத்து மார்பை உயர்த்தியும் தொலைவைக் குறைக்கலாம். பிடியின் அகலம் சுட்டு விரல்களுக்கிடையே 81 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலகக் கூட்டமைப்பு முன்பே வரம்பு வைத்திருந்தும், நெகிழ்வான முதுகுடைய சிலர் தண்டைச் சில சென்டிமீட்டர் மட்டுமே நகர்த்தி வெற்றி பெற்றதால், 2023 முதல் முழங்கையின் அடிப்பகுதி தோள் மூட்டின் மேற்பரப்புக்கு இணையாகவோ கீழாகவோ இறங்க வேண்டும் என்ற புதிய விதி வந்தது. நின்று தள்ளும் பிரஸை வீழ்த்திய அதே சிக்கல், ஐம்பது ஆண்டுகள் கழித்து, படுத்துத் தள்ளும் முறையையும் வந்தடைந்தது.

உடை விவகாரம் இன்னும் கடுமையானது. 1980களில் அமெரிக்காவில் ஜான் இன்சர் உருவாக்கிய பெஞ்ச் சட்டை, விறைப்பான துணியால் தைக்கப்பட்டு, தண்டு இறங்கும்போது இழுபட்டு, ஏறும்போது கைகளைத் தானே முன்னுக்கு உந்தும். இந்த உதவியின்றித் தள்ளப்பட்ட மிகப் பெரிய எடையாக, 2021இல் அமெரிக்கர் ஜூலியஸ் மேடாக்ஸ் தள்ளிய 355 கிலோ பதிவாகியது. சட்டை அணிந்து போட்டியிடும் பிரிவிலோ 600 கிலோவுக்கும் மேற்பட்ட எடைகள் பதிவாகியிருக்கின்றன. இடைவெளி நூறல்ல, இருநூறைத் தாண்டுகிறது. 1950களின் தொடக்கத்தில் 500 பவுண்டைத் தள்ளிய முதல் மனிதராகக் கருதப்படும் கனடாவின் டக் ஹெப்பர்னையும், 1967இல் 600 பவுண்டைக் கடந்த பாட் கேசியையும், சட்டை அணிந்து தள்ளுபவரையும் ஒரே பட்டியலில் வைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. எந்த விதியின்கீழ், எந்த உடையில் என்று குறிப்பிடாத பெஞ்ச் பிரஸ் எண்ணுக்கு ஒப்பீட்டு மதிப்பு இல்லை.

உடல் எடையை எவ்வாறு கணக்கில் கொள்வது என்ற சிக்கலும் தீர்ந்தபாடில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 90 கிலோவையும், 120 கிலோ எடையுள்ளவர் 150 கிலோவையும் தள்ளுவதாகக் கொள்வோம். நேரடி எடையில் இரண்டாமவர் முந்துகிறார். உடல் எடையின் மடங்காகப் பார்த்தால் முதலாமவர் 1.5, இரண்டாமவர் 1.25, முதலாமவரே வலியவர். ஆனால் தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடல் பெரிதாகும்போது பரப்பு, எடையின் மூன்றில் இரண்டு அடுக்காகவே வளர்கிறது. அந்தக் கணக்குப்படி எடை இருமடங்காகும்போது தள்ளும் திறன் சுமார் 1.59 மடங்கே ஆக வேண்டும். அதாவது 120 கிலோ ஆளிடம் எதிர்பார்க்கத்தக்கது ஏறத்தாழ 143 கிலோ. அவர் 150 தள்ளியிருப்பதால் மீண்டும் அவரே முந்துகிறார். அதே இரண்டு மனிதர்கள், அதே இரண்டு எண்கள். அளக்கும் முறையைப் பொறுத்து வெற்றியாளர் மாறுகிறார். வில்க்ஸ் முதலிய புள்ளி முறைகள் போட்டித் தரவுகளிலிருந்து இதற்கு நடைமுறைத் தீர்வு காண முயல்பவை. பெண்களைப் பொறுத்தவரை பெஞ்ச் பிரஸ் மேலும் குறுகலானது: பெண்களின் கால் வலிமை சராசரியாக ஆண்களின் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருக்க, மேலுடல் வலிமை பாதியை ஒட்டியே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இடைவெளி மிகுதியாக உள்ள பகுதியை மட்டும் அளந்து அதையே மொத்த வலிமை என்று சொல்வது, பெண்களின் திறனைத் தவறாகக் குறைத்துக் காட்டும்.

பெஞ்ச் பிரஸ் எண் வேறு எதையாவது முன்னறிவிக்கிறதா என்பதே இந்த விவாதத்தின் மையம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்குமுன் நடத்தும் பொதுச் சோதனையில், 225 பவுண்டு, அதாவது 102 கிலோ, எத்தனை முறை தள்ளப்படுகிறது என்று எண்ணப்படுகிறது. 2011இல் ஸ்டீஃபன் பேயா 49 முறை தள்ளினார். உச்சம் 110 கிலோவாக உள்ள ஒருவருக்கு இது வலிமைச் சோதனை. உச்சம் 200 கிலோவாக உள்ளவருக்கோ இது தசைத் தாக்குப்பிடிப்பின் சோதனை. ஒரே பெயரில் இருவேறு திறன்கள் அளக்கப்படுகின்றன. இந்தச் சோதனைத் தொகுப்பைப் பின்னாளைய ஆட்டத்திறனோடு ஒப்பிட்ட குஸ்மிட்ஸ், ஆடம்ஸ் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பந்தை ஏந்தி ஓடும் வீரர்களின் ஓட்ட வேகம் தவிர, சீரான தொடர்பு எதையும் காணவில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படை. 2007இல் தேர்வுக்கு முந்திய முகாமில் 185 பவுண்டை ஒருமுறைகூடத் தள்ள இயலாதிருந்த கெவின் டுரான்ட், அவ்வாண்டுத் தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டு, அறிமுகப் பருவத்தின் சிறந்த புதுவீரராகி, 2014இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். மிக நீண்ட கைகள் அவருக்கு ஆட்டத்தில் வரமாகவும் பெஞ்சில் சுமையாகவும் இருந்தன.

இதற்கான இயக்கவியல் காரணம் எளிமையானது. களத்தில் எதிராளியைத் தள்ளுபவருக்குப் பின்னால் பெஞ்ச் இல்லை; அவர் செலுத்தும் விசைக்கு எதிர்விசையைத் தரையிலிருந்து கால், இடுப்பு, வயிற்றுத் தசைகள் வழியே கொண்டுவர வேண்டும். சான்டானா, வேரா கார்சியா, மெக்கில் ஆகியோர் 2007இல் நின்றபடி ஒற்றைக் கையால் கேபிளைத் தள்ளும் அசைவைப் பெஞ்ச் பிரஸோடு ஒப்பிட்டு, நிற்கும் நிலையில் தள்ளக்கூடிய விசை உடல் எடையின் சுமார் 41 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது என்று கணித்தனர். அங்கே எல்லையிடுவது மார்புத் தசை அன்று, உடல் சாயாமல் நிற்கும் திறன். ஆகவே ஓட்டத்துக்கும் தாவலுக்கும் கால் வலிமையே நெருங்கிய குறியீடாக அமைவதில் வியப்பில்லை: நார்வேயின் முன்னணிக் கால்பந்து வீரர்களை 2004இல் ஆராய்ந்த விஸ்லெஃப் குழுவினர் ஸ்குவாட் உச்சத்துக்கும் குறுந்தொலைவு ஓட்டம், குதிக்கும் உயரம் ஆகியவற்றுக்கும் வலுவான தொடர்பைக் கண்டனர். அமெரிக்கத் தரைப்படையும் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தகுதித் தேர்வில் டெட்லிஃப்டையே வலிமைக்கான சோதனையாக வைத்தது. இதனால் பெஞ்ச் பிரஸுக்குப் பயன் இல்லை என்று ஆகிவிடாது. குண்டு எறிதல், ஹேண்ட்பால் எறிதல் போன்று கை முன்னோக்கி விரியும் விளையாட்டுகளில் அதற்கும் எறி வேகத்துக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. அளக்கும் அசைவும் ஆடும் அசைவும் நெருங்க நெருங்க அந்த எண்ணுக்கு உயிர் வருகிறது.

உடல்நலத்தின் பக்கம் திரும்பினால், பெஞ்ச் பிரஸுக்கு ஆதரவான மிக வலுவான சான்று அமெரிக்காவின் டாலஸ் நகரத்திலிருந்து வருகிறது. அங்கு 20 முதல் 80 வயது வரையிலான 8,762 ஆண்களின் வலிமையைப் பெஞ்ச் பிரஸாலும், உட்கார்ந்து கால்களால் தள்ளும் லெக் பிரஸாலும் அளந்து, சராசரியாக ஏறத்தாழ 19 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை ரூயிஸும் குழுவினரும் 2008இல் வெளியிட்டனர். வலிமை மிகக் குறைந்த மூன்றில் ஒரு பங்கினரிடையே 10,000 ஆள்-ஆண்டுகளுக்கு 38.9 மரணங்கள்; நடுப்பங்கினரில் 25.9, வலிமை மிகுந்தோரில் 26.6. இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பலவீனம் ஆபத்தானது. ஆனால் நடுத்தர வலிமையைத் தாண்டி மேலும் மேலும் ஏறுவதால் ஆயுள் நீள்வதாகத் தெரியவில்லை. இரண்டாவது, இந்த ஆய்வும் பெஞ்ச் பிரஸைத் தனியே நம்பவில்லை. கால் வலிமையை அதனோடு சேர்த்தே கணக்கிட்டது. மருத்துவ உலகம் பின்னர் வேறு கருவியை ஏற்றுக்கொண்டது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் கைப்பிடி வலிமையை அளந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடி 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் மரண ஆபத்து 16 விழுக்காடு கூடுவது தெரிந்தது. முதுமையில் தசை தேய்வதைக் கண்டறிய ஆசிய மருத்துவக் குழு 2019இல் வகுத்த நெறியும், பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்ற எல்லையையும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரத்தையுமே கொள்கிறது. எழுபது வயதானவரிடம் பளு ஏற்றிய தண்டின்கீழ் படுக்கச் சொல்ல வேண்டிய அவசியம் எந்த மருத்துவருக்கும் இல்லை.

பெஞ்ச் பிரஸ் தன் முழு நியாயத்தோடு நிற்கும் களம் ஒன்று உண்டு, அது பாராலிம்பிக். 1964 டோக்கியோவில் தண்டுவடக் காயமுற்ற ஆண்களுக்கான பளுதூக்குதலாகத் தொடங்கி, 2000 சிட்னியில் பெண்களுக்கும் திறக்கப்பட்ட அந்தப் போட்டியில் பெஞ்ச் பிரஸ் மட்டுமே உண்டு. கால்களைத் தரையில் ஊன்றாமல் பெஞ்சின் மீதே நீட்டிப் படுத்துத் தள்ளுவதால் காலின் உந்துதல் முற்றிலும் விலகிவிடுகிறது. எல்லா வீரர்களுக்கும் பொதுவாக உள்ள திறன் மட்டுமே ஒப்பிடப்படுகிறது. 2016 ரியோவில் ஈரானின் சியாமந்த் ரஹ்மான் தள்ளிய 310 கிலோவும், 2004 ஏதென்ஸில் இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்த ராஜிந்தர் சிங் ரஹேலுவின் முயற்சியும் எந்தத் தகுதிக் குறிப்பும் தேவைப்படாத வலிமைச் சாதனைகள். அளவுகோல் சரியா தவறா என்பது எதை, யாரிடம் அளக்கிறோம் என்பதோடு இணைந்தே தீர்மானிக்கப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, மேலுடலால் முன்னோக்கித் தள்ளும் வலிமைக்குப் பெஞ்ச் பிரஸ் இன்றுள்ள சோதனைகளில் நம்பகமானது, ஆனால் மொத்த உடல் வலிமைக்கு அது தனித்துச் சாட்சி சொல்ல முடியாது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. ஒரே நபரின் முன்னேற்றத்தை, ஒரே விதியில், ஒரே உடல் எடையில், மாதக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பதற்கு அது மிகப் பொருத்தமானது. இரு வேறு உடலமைப்புள்ளவர்களை ஒப்பிட அது பலவீனமானது. கால்களும் இடுப்பும் ஆளும் விளையாட்டுகளுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்க அதைச் சார்ந்திருப்பது தவறு. பள்ளி, கல்லூரி அணிகளுக்கும் சீருடைப் பணிகளுக்கும் வலிமைத் தேர்வு வகுப்போர், பெஞ்ச் பிரஸை வைத்துக்கொள்வதானால் அதனோடு ஸ்குவாட் அல்லது டெட்லிஃப்டையும், தன் உடலைக் கம்பியில் இழுத்து உயர்த்தும் ஒரு சோதனையையும் சேர்த்தே வைக்க வேண்டும். தண்டின் இருபுறமும் துணைக்கு ஆள் நிற்காத இடத்தில் உச்ச எடைச் சோதனையை அனுமதிக்கவே கூடாது.